ரோஸ் பேர்ட்: ஆமா, இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீதிபதிகள் நியமனம் பற்றிய கட்டுரையில் 'கலிஃபோர்னியாவில் ஒரு தலைமை நீதிபதியையே மக்கள் ஓட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். யார் அவர்? எனக்கென்னவோ அது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது. மூடிய அறைக்குள் நாலு பேர் முடிவு செய்வதைவிட மக்கள் முடிவு செய்வது மேல் இல்லையா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

அவர் ரோஸ் பேர்ட். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி சுப்ரீம் கோர்ட் உண்டு. 1977ல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் அவரைக் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக நியமித்தபோது அவருக்கு வயது 40. அதற்கு முன் ஒருநாள்கூட நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அந்தக் கோர்ட்டுக்கு வந்த முதல் பெண் வேறு. முணுமுணுப்பு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

ஆனால் அவர்மேல் கோபம் அதற்கும் முந்தையது. பிரவுனின் அமைச்சரவையில் விவசாயத் துறை அவரிடம் இருந்தது. அங்கே லெட்யூஸ் என்ற சாலட் கீரை வயல்களில் களையெடுக்க ஒரு கருவி, பிடி ஒரு முழம்கூட இருக்காது. கூலிகள் அதை 'எல் கொர்த்தீத்தோ' என்பார்கள், ஸ்பானிஷில் 'குட்டையன்'. நம் களைக்கொத்துக்குச் சொந்தம்தான். நம் பெண்கள் குந்தி உட்கார்ந்து கொத்துவார்கள். அவர்களோ இடுப்பை இரண்டாக மடித்தபடி வரிசை வரிசையாக நாள் முழுக்க நடக்கவேண்டும். பிடியை நீட்டினால் என்ன குறைந்துவிடும்? மேஸ்திரிக்குக் கஷ்டம். குட்டைப்பிடி இருந்தால், நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமே! 1975ல் அது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க வழிசெய்த சட்டம் வந்ததிலும் பேர்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பண்ணைக்காரர்கள் அதை மறப்பார்களா?

கோர்ட்டுக்கு வந்தபின் அறுபதுக்கும் மேற்பட்ட மரண தண்டனை வழக்குகள் அவர் முன் வந்தன. அத்தனையிலும் தண்டனையை ரத்து செய்யவேண்டும் என்றே அவர் தீர்ப்பளித்தார். ஒன்றுகூடவா தேறவில்லை என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. விசாரணை முறையாக நடந்ததா என்று பார்ப்பதுதான் அவர் வேலை, சரி. ஆனால் ஒன்றுவிடாமல் எல்லாமே ரத்து என்னும்போது, விடையை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டவர் போலத் தோற்றம் வந்துவிடுகிறது.

இனி உங்கள் ஓட்டுக்கு வருகிறேன். அங்கே அந்தத் தேர்தலில் எதிர்வேட்பாளர் கிடையாது. நீதிபதியின் பெயர், அவர் நீடிக்கலாமா என்று ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை. 1978ல் பேர்ட் மயிரிழையில் தப்பினார், 52 சதவீதத்துக்கும் கீழே. 1986 நவம்பரில் மூன்றில் இரண்டு பேர் 'இல்லை' என்றார்கள். கூடவே குரூஸ் ரெய்னோசோ, ஜோசஃப் க்ரோடின் என்று இன்னும் இரண்டு நீதிபதிகளும் போனார்கள். டிவி விளம்பரங்களில் கொலையுண்டவர்களின் குடும்பத்தார் வந்து பேசினார்கள். அந்தத் துயரம் நிஜம். ஆனால் பிரசாரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பண்ணைக்காரர்களும் வணிக நிறுவனங்களும் இருந்தார்கள். லெட்யூஸ் வயலைப் பற்றி விளம்பரம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

சரி, காலியான மூன்று இடங்களுக்கும் ஆட்களைப் போட்டது யார்? கவர்னர் ஜார்ஜ் டியூக்மேஜியன். அந்த மூவருக்கும் 'இல்லை' போடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டவரும் அவர்தான். மக்கள் கதவைத் திறந்து மூன்று பேரை வெளியே அனுப்பினார்கள் கே.எஸ்., உள்ளே யார் வருவது என்பது பழையபடி கவர்னர் கையில்தான் இருந்தது.

பேர்ட் அதன்பின் நீதிபதியாகவில்லை. கொஞ்ச காலம் டிவியில் பேசினார். பிறகு ஏழைகளுக்கான ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார். யாரென்று அறியாமல் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தார். 1999 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது வயது 63.