எஸ்சீட்டும் சீட்டிங்கும்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். ஒரு பழைய சொத்து விவகாரத்துக்காக இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டியபோது, 29ஆம் பிரிவுக்கு மேலே ‘எஸ்சீட்’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து அரசுக்குப் போகும் என்கிற பிரிவு அது. சீனியரிடம் கேட்டேன். “அது இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போனது, மனப்பாடம் பண்ணிக்கோ” என்றார். மோசடியைச் ‘சீட்டிங்’ என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வில்லன் என்பதுகூட முதலில் பண்ணையாளைக் குறித்த சொல்தான் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் நிலம் வைத்திருந்தவன்தான் எது நல்ல சொல், எது கெட்ட சொல் என்பதையும் தீர்மானித்தானா?

க., மதுரை

அன்புள்ள க.,

சம்பந்தம் உண்டு. இரண்டும் ஒரே சொல்தான். எஸ்சீட் தேய்ந்துதான் சீட் ஆனது. அது எப்படி நடந்தது என்பது தெரிந்தால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலமெல்லாம் கடைசியில் அரசனுடையது என்பது சட்டத்தின் அடிப்படையானது. மற்றவர்கள் அதை அவனிடமிருந்தோ, அவனிடம் பெற்ற பிரபுவிடமிருந்தோ வாங்கி அனுபவிப்பவர்கள் மட்டுமே. படைச்சேவையோ வேறு கடமையோ செய்கிற வரை நிலம் கையில் இருக்கும். அப்படிப்பட்ட நிலத்துக்குத்தான் ‘ஃபீ’ என்று பெயர். நீங்கள் தினமும் கட்டுகிற கோர்ட் ஃபீஸில் இருப்பதும் அதே ஃபீதான். நிலம் பெற்றவர் வாரிசில்லாமல் இறந்தாலோ, பெருங்குற்றம் செய்து தண்டிக்கப்பட்டாலோ, நிலம் மேலே இருக்கும் பிரபுவிடம் திரும்பிவிடும். இதற்குப் பழைய பிரெஞ்சில் வைத்த பெயர்தான் எஸ்சீட். லத்தீன் வேரைப் பார்த்தால் ‘விழுவது’ என்று பொருள். மேலே இருப்பவன் மடியில் வந்து விழுவது.

இதைக் கவனிக்கவே அரசன் எஸ்சீட்டர் என்று அதிகாரிகளை வைத்திருந்தான். அரசனிடம் நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்த செய்தி வந்ததும், எஸ்சீட்டர் அந்த வட்டாரத்து ஆட்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி விசாரிப்பார். இறந்தவரிடம் என்னென்ன நிலம் இருந்தது, யாரிடமிருந்து பெற்றது, வருஷத்துக்கு என்ன வரும், வாரிசு யார், அவருக்கு என்ன வயது என்பவைதான் கேள்விகள். பதில்களைத் தோலில் எழுதி முத்திரை வைத்து அனுப்புவார்கள். அந்த ஏடுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வாரிசின் வயது பற்றிய அந்தக் கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். வாரிசு 21 வயது நிரம்பாத பையன் என்றால், அவன் பெரியவனாகும் வரை நிலத்தின் வருமானம் அரசனுக்கு. அந்த உரிமையை அரசன் இன்னொருவருக்கு விற்கவும் செய்வான். பையனை யாருக்குக் கல்யாணம் செய்து வைப்பது என்கிற உரிமைகூட விலைக்குப் போனது. அதனால் 21 நிரம்பியதை நிரூபிப்பது வாழ்வா சாவா பிரச்னை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். ஊர்க்காரர்களை நிறுத்தி, இவன் பிறந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த வாக்குமூலங்கள் மனதை விட்டுப் போகாதவை. அன்றுதான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன் என்பார் ஒருவர். அந்த வாரம்தான் என் வீடு எரிந்தது என்பார் இன்னொருவர். இதே கால் முறிவும் இதே வீடும் வேறு வேறு ஊர்க் கோப்புகளிலும் வருவதை வரலாற்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எழுத்தர்கள் வாய்பாடாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நோட்டரி முன்னால் வாசிக்கப்படும் அபிடவிட்டுகளைப் பார்த்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ன் மாக்னா கார்ட்டா சாசனம் தொடக்கத்திலேயே இதைத்தான் பேசுகிறது. சிறுவனின் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான வருமானம் மட்டுமே எடுக்க வேண்டும், ஆட்களையும் பொருளையும் அழிக்கக் கூடாது. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. எஸ்சீட்டர்கள் மேல் புகார்கள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. யாரும் ஓராண்டுக்கு மேல் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்று 1340ல் சட்டமே போட்டார்கள்.

மக்கள் வாயில் எஸ்சீட்டர் என்பது ‘சீட்டர்’ என்று சுருங்கியது. முதலில் ‘சீட்’ என்றால் சட்டப்படி பறிமுதல் செய்வதுதான். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏமாற்றிப் பிடுங்குவது என்றாகிவிட்டது. நடுவில் அது திருடர்களின் ரகசியப் பேச்சிலும் புழங்கியது. 1560களில் அச்சான ஒரு பட்டியலில் பன்றிக்கு ‘உறுமும் சீட்’, கோழிக்குக் ‘கொக்கரிக்கும் சீட்’ என்று இருக்கிறது. கைக்கு வருகிற எந்தப் பொருளும் அவர்களுக்கு ஒரு சீட்தான். அந்த நூற்றாண்டின் கடைசியில் ஷேக்ஸ்பியர் ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்’ எழுதும்போது இரண்டு அர்த்தங்களும் உயிரோடு இருந்தன. கணவர்களின் பணப்பை தங்கள் கையில் இருக்கும் இரண்டு பெண்களிடம் காசு கறக்கத் திட்டம் போடும் ஃபால்ஸ்டாஃப், இருவருக்கும் நான் சீட்டர், அவர்கள் எனக்குக் கஜானா என்கிறான். அரசாங்க அதிகாரியும் மோசடிக்காரனும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். பார்வையாளர்கள் உடனே சிரித்திருப்பார்கள்.

அப்புறம் வில்லன். நீங்கள் படித்தது சரி. ‘வில்லா’ என்றால் பண்ணை. பண்ணையோடு கட்டப்பட்ட குடியானவன் வில்லெய்ன். வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக்கொடுக்கப் பணம் கட்ட வேண்டும். அவன் செத்தால் வீட்டிலிருக்கும் மாடுகளில் நல்லதாக ஒன்றைப் பிரபுவின் ஆள் ஓட்டிக்கொண்டு போவான். இப்படி வாழ்ந்தவனின் பெயர்தான் கொடியவனின் பெயர் ஆனது. அவன் எந்தக் கொடுமையும் செய்ததால் அல்ல. எழுதத் தெரிந்தவர்களும் எழுதச் சொன்னவர்களும் அவனைக் கீழானவன் என்று நினைத்தார்கள், கீழான நடத்தைக்கு அவன் பெயரையே வைத்தார்கள். ‘ஜென்டில்’ நற்குடிப் பிறப்பிலிருந்து நற்குணத்துக்கு ஏறியதும் இதே கணக்கில்தான். 1381ல் கென்ட், எஸ்ஸெக்ஸ் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது பல ஊர்களில் பண்ணைக் கோர்ட்டின் ஏடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். தங்களை வில்லெய்ன் என்று எழுதி வைத்திருந்த ஏடுகள் அவை. அடிமைத்தனம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஆக, வில்லன் மேலிருந்து கீழே வீசப்பட்ட சொல், சீட்டர் கீழிருந்து மேலே வீசப்பட்ட சொல் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் எஸ்சீட்டரிடம் சிக்கியவர்கள் பண்ணையாட்கள் இல்லை. ஓரளவாவது நிலம் இருந்தவர்கள், அவர்களுடைய விதவைகள், பிள்ளைகள். பார்லிமென்ட்டில் மனுக் கொடுக்க அவர்களால் முடிந்தது. அரசனின் அதிகாரியையே கெட்ட பெயருக்கு ஆளாக்கும் அளவுக்கு அவர்கள் குரல் எட்டியது. வில்லெய்னை விரட்டிய பண்ணை மேஸ்திரியின் பதவிப் பெயர் ‘ரீவ்’. அந்தப் பெயர் வசவாக மாறவில்லை, ‘ஷெரிஃப்’ என்ற கௌரவப் பதவியின் பின்பாதியாக நிலைத்துவிட்டது. எனவே உங்கள் சந்தேகம் பெருமளவு நியாயமானதே. நிலம் இருந்தவன் தனக்குக் கீழே இருந்தவனை வைதான், தன்னிடம் பிடுங்கியவனையும் வைதான். இரண்டு வசவும் நிலைத்தன. நிலமில்லாதவனின் வசவுகளை எழுதி வைக்க ஆளில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

இந்தியாவுக்கு இது வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள எட்டாம் ஹென்றி 1540ல் அமைத்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸை இங்கிலாந்து 1660ல் ஒழித்துவிட்டது. அதே பெயரில் ஓர் அமைப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்தில் 1804ல் சட்டமாக்கியது. 1873ல் தந்தை இறந்தபோது சிறுவராக இருந்த பாஸ்கர சேதுபதியின் ராமநாதபுரம் ஜமீன் அதன் கீழ்தான் இருந்தது. எஸ்சீட்டுக்கு மச்சிலிப்பட்டினத்து வழக்கு ஒன்று முக்கியம். பிராமணனின் சொத்து வாரிசில்லாமல் போனாலும் அரசனுக்குச் சேராது என்கிறது தர்மசாஸ்திரம். 1860 வாக்கில், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்காமல், அதுவும் அரசுக்கே என்றது. வாரிசின்மையால் வரும் எஸ்சீட்டை இங்கிலாந்து 1925ல் நீக்கிவிட்டது. நமது அரசியலமைப்பின் 296ஆம் பிரிவு அந்தச் சொல்லை இன்னும் வைத்திருக்கிறது.

உங்கள் கோப்புக்கு வருவோம். 29ஆம் பிரிவை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல் அதன் பின்பாதியைக் கவனமாகப் படியுங்கள். சொத்தோடு, ஒரு வாரிசுக்கு என்னென்ன கடன்களும் பொறுப்புகளும் வந்து சேருமோ அத்தனையும் அரசுக்கும் சேரும். நெருங்கிய வாரிசுகள் இல்லையென்றால் தந்தைவழி, தாய்வழித் தூரத்துச் சொந்தங்கள் வரை சட்டம் தேடச் சொல்கிறது. யாருமே இல்லை என்று அரசு சொன்னால், நிரூபிக்கும் சுமை அரசின் மேல்தான். இறந்தவரின் சொந்த ஊருக்கு ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள்.