பனி பிடிக்கிற ஏசிக்கு கேஸ் அடிக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் படுக்கையறையில் சுவரைத் துளைத்துப் பொருத்திய ஒற்றைப் பெட்டி ஏசி இருக்கிறது. சூடு, குளிர் இரண்டும் அதிலேயே வரும். வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. சூடு நன்றாக வருகிறது. குளிருக்கு மாற்றினால் முதல் அரை மணி நேரம் சில்லென்று இருக்கிறது. அப்புறம் காற்று குறைந்து, உள்ளே காயில் (குளிர்ச்சி தருகிற குழாய்ச் சுருள்) முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்துவிடுகிறது. அணைத்தால் தரையெல்லாம் தண்ணீர். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுகிறேன். ஒரு மெக்கானிக் கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார். இன்னொருவர் கம்ப்ரசர் போய்விட்டது, புது மெஷின் வாங்குங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

கம்ப்ரசர் போய்விட்டது என்றவரை முதலில் அனுப்பிவிடலாம். கேஸை அழுத்திச் சுற்ற விடுவது கம்ப்ரசர்தான்; அது ஓடாமல் உள் காயிலில் பனி பிடிக்கவே பிடிக்காது. அந்தப் பனிதான் கம்ப்ரசர் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. கம்ப்ரசர் உண்மையிலேயே செத்திருந்தால் சாதாரண அறைக்காற்றுதான் வந்துகொண்டிருக்கும். உங்களுக்குத் துடைப்பம் எடுக்கிற வேலையே இருந்திருக்காது.

அடுத்து கேஸ். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது: ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. அடுத்த சீசனில் அதே ஆள் அதே சிலிண்டரோடு வருவார். அவருக்கு அது வருமானம், உங்களுக்கு அது வருடாந்திரச் சந்தா.

கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பனி பெரும்பாலும் காயிலின் ஒரு ஓரத்தில், கேஸ் உள்ளே நுழைகிற பக்கத்தில் மட்டும் பிடிக்கும். மற்ற பகுதி வெறுமனே இருக்கும். நீங்கள் ‘காயில் முழுக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது காற்றோட்டக் குறை. காயில் எப்போதும் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். அதை அப்படி வைத்திருப்பது அதன்மேல் ஓடுகிற அறைக்காற்றின் சூடு. காற்று குறைந்தால் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், ஈரம் பனியாக ஒட்டும், பனி மீதிக் காற்றையும் அடைக்கும். அரை மணி நேரம் கழித்து ஆரம்பிப்பது அதனால்தான். சூடு மட்டும் எப்படி நன்றாக வருகிறது என்று கேட்பீர்கள். குறைந்த காற்று சூடான காயிலைத் தாண்டி வந்தால் கைக்கு இன்னும் சூடாகத்தானே தெரியும்? அதனால் குளிர்காலம் முழுக்க இந்தக் குறை வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும்.

ஃபில்டரைக் கழுவுகிறீர்கள், நல்லது. ஆனால் ஐந்து வருடத்தில் ஃபில்டரைத் தாண்டிப் போன தூசி எங்கே போயிருக்கும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்மூடியைக் கழற்றுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் காயிலின் முகத்தைப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி போர்த்தியது போல இருந்தால் பாதி கதை முடிந்தது. மீதிக் கதை உள்ளே சுற்றுகிற ப்ளோயரில். அதன் ஒவ்வொரு இதழும் சின்னக் கரண்டி மாதிரி குழிந்திருக்கும். அந்தக் குழிவுதான் காற்றை அள்ளுகிறது. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குழிவில் தூசி களிமண் மாதிரி அப்பியிருந்தால், ப்ளோயர் முழு வேகத்தில் சுற்றியும் எதையும் அள்ளாது. சத்தம் சரியாக இருக்கும், காற்று மட்டும் இருக்காது. வருகிற மெக்கானிக்குகளில் பலர் இந்த இடத்துக்கு டார்ச்சே அடிப்பதில்லை.

பனி இருக்கும்போது குளிரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் சில மணி நேரம் ஓட விடுங்கள், தானாக உருகட்டும். தயவுசெய்து கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துக் குத்தாதீர்கள். பனியோடு குழாயும் கிழியும். இல்லாத கேஸ் லீக்கை அன்றைக்கு நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள். உருகியதும் காயிலை மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் போகிற திசையிலேயே மேலிருந்து கீழாகத் தேயுங்கள். ப்ளோயரைக் கழற்றிக் கழுவுவது உங்களால் ஆகாது, ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் ‘கேஸ் செக் பண்ண வாங்க’ என்று கூப்பிடாதீர்கள். ‘ப்ளோயரும் காயிலும் கழுவ வேண்டும்’ என்று சொல்லிக் கூப்பிடுங்கள். எதற்குக் கூப்பிடுகிறோமோ அதற்குத்தான் பில் வரும்.

தரையில் கொட்டுகிற தண்ணீரும் இந்தப் பனிதான். மொத்தமாக உருகும்போது அடியில் தண்ணீர் பிடிக்கிற தட்டு தாங்காது. பெட்டி வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பின்னால் தண்ணீர் சளசளக்கிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரை வெளிக் காயில்மேல் வாரியடிக்கும்படிதான் இந்த வகைப் பெட்டிகளின் பின் ஃபேன் செய்யப்பட்டிருக்கிறது.

இப்போது ஒரு குறுக்குக் கேள்வி வரும்: ‘சூடு நன்றாக வருகிறதே, அப்படியானால் கேஸ் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?’ இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பெட்டிகள் இரண்டு வகை. ஒன்று, அதே கம்ப்ரசரையும் கேஸையும் திருப்பி ஓட்டிச் சூடு தருவது. ஹீட் பம்ப் என்பார்கள். இன்னொன்று, இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறும் மின்கம்பியைச் சூடாக்குவது. இரண்டாவது வகையில் கேஸ் சொட்டு இல்லாவிட்டாலும் சூடு ஜோராக வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஹீட் பம்ப் என்றால் உங்கள் வாதம் சரி. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பல ஹீட் பம்ப் பெட்டிகளில் துணைக்கு மின்கம்பி ஹீட்டரும் இருக்கும். வெளியே கடுங்குளிராக இருந்தாலோ, நீங்கள் அறை வெப்பத்தைவிட ரொம்ப மேலே வைத்தாலோ அது தானாக வேலைக்கு வந்துவிடும். அதனால் மிதமான நாள் ஒன்றில், அறை வெப்பத்தைவிட 2 டிகிரி மட்டும் கூட்டி வைத்துப் பாருங்கள். கம்ப்ரசர் உறுமி, வெளிப்பக்கம் வருகிற காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக இருந்து, உள்ளே சூடும் வந்தால் கேஸ் இருக்கிறது. ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்றவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

இவ்வளவுக்கும் பிறகு உண்மையாகவே கேஸ் குறைவு என்று வந்தால் மூன்றே கேள்வி. ஓட்டை எங்கே? அடைத்த பிறகு வேக்யூம் போடுவீர்களா, அதாவது குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பீர்களா? கேஸை எடை பார்த்து அடைப்பீர்களா? எத்தனை கிராம் என்பது மெஷின் தகட்டிலேயே அச்சாகியிருக்கும். மீட்டரை மட்டும் பார்த்து ‘போதும்’ என்கிறவர் வேண்டாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு கம்பெனியிலிருந்து கேஸ் அடைக்கிற வாயே கிடையாது. அதனால் சிலர் குழாயைத் துளைத்து ஒரு வால்வைக் கவ்வ விடுவார்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்த வால்வே அடுத்த ஓட்டை. சில ஏசிகளில் இருக்கிற ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது வேறு. சான்றிதழ் இல்லாதவர் கேஸைத் தொடக்கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. வாசலில் வந்து நிற்பவரிடம் அதை யார் கேட்கிறார்கள்?

புது மெஷின் வாங்கச் சொன்னவர் விஷயத்திலும் ஒரு பொறி. ‘அதே ஓட்டையில் விண்டோ ஏசி கச்சிதமாக உட்காரும், விலையும் குறைவு’ என்பார். உட்காரும், மூச்சு விடாது. விண்டோ ஏசி பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கும். சுவருக்குள் தள்ளினால் அந்தத் துளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சுவர் வகைப் பெட்டி முழுக்கப் பின்பக்கமாகவே மூச்சு விடும்படி செய்தது. இது தெரியாமல் மாட்டி, முதல் கோடையிலேயே சூடேறி நின்றுபோன விண்டோ ஏசிகளை நான் நிறையவே இறக்கியிருக்கிறேன்.

காயிலும் ப்ளோயரும் சுத்தமான பிறகு, வெளியே வெயிலடிக்கிற நேரத்தில் குளிரை ஓட்டிப் பாருங்கள். 20 நிமிடம் கழித்து உள்ளே இழுக்கிற காற்றிலும் வெளியே தள்ளுகிற காற்றிலும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வையுங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்து, பனியும் வராவிட்டால் வேலை முடிந்தது. வந்தால் கம்பெனியைக் கூப்பிடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது மாடல் எண். அந்த எண் இருக்கிற தகட்டைப் பல கம்பெனிகள் முன்மூடிக்குப் பின்னால், ஆளே பார்க்க முடியாத மூலையில் ஒட்டியிருப்பார்கள். எண் சொல்லாவிட்டால் புகாரே பதிவாகாது. எண்ணைப் பார்க்க மூடியைக் கழற்றினால் ‘நீங்கள் ஏன் கழற்றினீர்கள்’ என்பார்கள். எப்படியும் இப்போது சுத்தம் செய்யக் கழற்றத்தான் போகிறீர்கள், அப்போதே அந்தத் தகட்டை ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.