கன்னியாகுமரியில் விற்கும் கருப்பு, சிவப்பு மணல் சாயம் போட்டதா?

சுற்றுலா போய் வாங்கி வந்த பாக்கெட்டைப் பார்த்து வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அதே மாவட்டத்தில், இந்த மணல் கிடக்கும் கடற்கரை ஊரான மணவாளக்குறிச்சிப் பக்கம், அதனால் இந்தக் கேள்வி கொஞ்சம் சுடும். சாயமெல்லாம் இல்லை. கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இரண்டும் இயற்கையான கனிமங்கள். உங்கள் பாக்கெட்டுக்கு நான் ஜாமீன் நிற்கவில்லை, கரையில் கிடப்பதைத்தான் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

சென்னையிலிருந்து வந்த என் மச்சினனும் "எல்லாம் கலர் பொடி அத்தான்" என்றான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்த காந்தத்தை பாலிதீன் கவரில் சுற்றி, காய்ந்த மணலைப் பேப்பரில் பரப்பி மேலே ஓட்டினேன். கருப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது, சிவப்பும் கொஞ்சம் வந்தது, வெள்ளை அசையவில்லை. உடனே "அப்போ இரும்புத் தூள் கலந்திருக்காங்க" என்கிறான்! இல்மனைட்டில் இரும்பு இருக்கிறது, கூடவே டைட்டானியமும். வெள்ளை பெயின்ட்டுக்கு நிறம் தருவதே இந்தக் கருப்பு மணலிலிருந்து எடுப்பதுதான் என்றதும் சுத்தமாக நம்பவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் பாறைக் கடற்கரை இருக்கும் முட்டத்துக்குக் கூட்டிப்போய், பாறையில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு வைத்த மாதிரி இருந்த கார்னெட்டைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். அந்த மாதிரிப் பாறைகள் மலையில் சிதைந்து, ஆறுகள் கடலில் கொண்டு சேர்ப்பதைத்தான் அலை கரையில் போட்டுப் புடைக்கிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் வெள்ளை மணலான குவார்ட்ஸுக்கு 2.65, கார்னெட் 4 சொச்சம், இல்மனைட் 4.7. திரும்பும் தண்ணீர் லேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது கருப்புப் பட்டையாகத் தங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவ அலை பலமாக இருக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

சரி, அடுத்தது கதிர்வீச்சு என்று கேட்பீர்கள். இருக்கிறது, இதே மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிர்வீச்சு உலோகம் உண்டு. பக்கத்துக் கேரளத்தில் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அது எங்கள் ஊர் ஆய்வு இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பெண் பேச வந்தவர்கள் "அந்த மண்ணா" என்று இழுத்தார்கள் பாருங்கள், அதே ஆட்கள்தான் இப்போது மே லீவு வந்தால் குடும்பத்தோடு வந்து, சூரிய உதயம் பார்க்க லாட்ஜ் காசு மிச்சம் என்று எங்கள் ஹாலில் படுக்கிறார்கள்.