லெப்டொப் மூடியில் தமிழ்ப் பெயர்: புள்ளி உதிராமல் ஒட்டுவது எப்படி?

கேள்வி: என் 14 அங்குல லெப்டொப்பின் மூடியில் பெயரைத் தமிழில் வைனில் ஸ்டிக்கராக (பசையுள்ள பிளாஸ்டிக் தாளில் வெட்டியது) ஒட்டினேன். கடையில் வெட்டும்போதே இரண்டு புள்ளிகள் உதிர்ந்துவிட்டன; ஒரு மாதத்தில் ஓரமும் கிளம்பிவிட்டது. திரும்பச் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: புள்ளி உதிர்வது அளவால். 12 செ.மீ. அகலத்துக்குள் பெயர் அடங்கும்போது, புள்ளியின் விட்டம் பெரும்பாலும் 2 மி.மீ.க்கும் குறைந்துவிடும். அவ்வளவு சிறிய வட்டத்தைச் சுற்றும்போது கட்டரின் (ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின்) பிளேட்டே அதை இழுத்துப் பெயர்த்துவிடும். புள்ளிகளை மட்டும் தெரிவுசெய்து 3 மி.மீ. ஆக்குங்கள்; சற்றுக் கொழுத்துத் தெரிந்தாலும் பழைய சினிமா விளம்பர எழுத்துப்போல அழகாகவே இருக்கும். கோடுகள் 1.5 மி.மீ.க்கு மெலியக் கூடாது. அதற்காக மிகத் தடித்த எழுத்துருவும் வேண்டாம், ண, ழ போன்றவற்றின் சுழி அடைபட்டுவிடும்.

வெட்டக் கொடுக்கும் கோப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்யலாம், இலவசம். எழுத்துகளை 'பாத்' (வெளிக்கோட்டு உருவம்) ஆக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று மேவும் பகுதிகளை 'யூனியன்' கொடுத்து இணைத்த பிறகே பிடிஎஃப் ஆக்குங்கள். இணைக்காவிட்டால் மேவும் இடத்தில் எழுத்தின் குறுக்கே வெட்டு விழும். எழுத்தாகவே கொடுத்தால், கடையிலுள்ள பழைய கோரல் ட்ரோ மென்பொருளில் 'கொ'வின் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாக வரும்.

பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் பெரும்பாலும் இருப்பது வெயில் மழைக்கான நிரந்தரப் பசை வைனில், ஒராகல் என்ற பிராண்டின் 651 ரகம். தினமும் பையில் போய்வரும் லெப்டொப்புக்கு அதுவே நல்லது. விரைவில் கழற்றும் எண்ணம் இருந்தால் மினுக்கமில்லாத 631 ரகத்தைக் கேளுங்கள்.

முதலில் ஒரு சிறு சதுரம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். வைனில் அறுந்து, அடித்தாளில் மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தால் சரி. தாளும் அறுந்தால் பிளேட் அதிகம் நீண்டிருக்கிறது. வேண்டாத வைனிலை உரிக்கும்போது மேலே தூக்காமல், தாளோடு படிய மடக்கி இழுக்க வேண்டும். புள்ளி கிளம்பப் பார்த்தால் கத்தி நுனியால் அமர்த்திப் பிடியுங்கள்.

ஓரம் கிளம்புவதற்கு வழமையான காரணம் கை எண்ணெயும் ஈரமும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லெப்டொப்பில் கொழும்புக் காற்று பட்டதுமே ஈரம் படியும். லெப்டொப் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள். லெப்டொப்பை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலைத் துணியில் நனைத்துத் துடைத்து உலரவிடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஒட்டும் முறை வாகனக் கண்ணாடிக்குச் சரி, லெப்டொப்புக்கு ஆகாது.

ட்ரான்ஸ்ஃபர் டேப் (எழுத்துகளைக் கலையாமல் சேர்த்துத் தூக்கும் டேப்) ஒட்டிய ஸ்டிக்கரை, மூடியின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி, நடுவில் ஒரு மாஸ்கிங் டேப்பால் நிறுத்துங்கள். ஒரு பாதியின் அடித்தாளை உரித்து வெட்டி, பழைய வங்கி அட்டையால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள், பிறகு மறுபாதி. உள்ளே திரை இருப்பதால் அழுத்தம் மிதமாக இருக்கட்டும். டேப்பை 180 பாகைக்கு மடக்கி மெதுவாக எடுங்கள். எழுத்து கூடவே வந்தால் திரும்பப் படியவைத்துத் தேயுங்கள். ஒரு நாள் அதைத் தொடாதீர்கள்.

ரப்பர்போல மெத்தென்ற பூச்சுள்ள மூடியென்றால் இந்த வேலையே வேண்டாம்: அற்ககோல் பூச்சைக் கெடுக்கும், கழற்றும்போது பசை அதையும் உரித்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி அதில் ஒட்டுங்கள்.