நனிசைவம்: எங்கிருந்து படிப்பது?

அன்புள்ள அக்கா,

நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா லேயர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறை முழுக்க அங்கே தீவனம் போட்டும் முட்டை பொறுக்கியும் வளர்ந்தவன் நான். ஒன்றரை வருடமாகக் கறியும் முட்டையும் சாப்பிடுவதில்லை. பாலை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ‘கொன்றால் பாவம் தின்றால் போச்சு’ என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நண்பர்களோ, ‘இது மேல்சாதிச் சாப்பாட்டு அரசியல், நீயும் அதில் விழுந்துவிட்டாய்’ என்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. விலங்குரிமை பற்றி என்ன படிக்கலாம்?

கா., நாமக்கல்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர்கள் கேட்பது நியாயமான கேள்வி. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து மனிதர்களைத் தள்ளிவைத்த ஊர் இது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948ல் ‘தீண்டப்படாதார்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படிக்காமல் இங்கே விலங்குரிமை பேசக் கூடாது என்பது என் எண்ணம். அதனால் முதலில் அது.

ஆனால் கறி, முட்டை, பால் என்று விலங்கிடமிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்கிற நனிசைவம் வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது. நம் ஊர்ச் சைவம் பெரும்பாலும் சாப்பிடுகிறவரின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுகிறது. நனிசைவம் அந்த விலங்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறது. இங்கிலாந்தில் பாலும் வேண்டாம் என்றவர்களுக்குச் சைவச் சங்கத்தின் பத்திரிகையில் தனிப்பகுதி மறுக்கப்பட்டது. 1944 நவம்பரில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் தனியாக வந்தார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி ‘வீகன்’ ஆக்கினார்கள். சைவர்களோடு அவர்களுக்கு வந்த சண்டையே பாலைப் பற்றித்தான். தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டு கறி தின்பவரைக் குறைவாகப் பார்க்க இதில் இடமே இல்லை.

இதை இந்தியாவில் வைத்துப் பேசும் புத்தகம் யாமினி நாராயணன் எழுதிய ‘மதர் கவ், மதர் இந்தியா’ (2023). பால் வற்றிய மாடும், பிறந்த காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்து போகிறார். பால் தொழில்தான் மாட்டை அறுப்புக்கு அனுப்புகிறது, பழியோ முஸ்லிம்கள் மேலும் தலித்துகள் மேலும் விழுகிறது என்பது அவர் வாதம். உங்கள் நண்பர்களுக்கும் இதைக் கொடுங்கள்.

அதைப் படித்தபோது எங்கள் வீட்டு எருமை நினைவுக்கு வந்தது. அது ஈன்ற கிடாக்கன்று ஒரு மாதத்தில் செத்துப்போனது. கிடாவுக்கு எதற்குப் பால் என்று காம்பில் வாய் வைக்கவே விடவில்லை. அப்புறம் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்திக் கறந்தார்கள். எருமை அந்தத் தோலை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவள் நான். இன்றும் அதை நினைத்தால் தாங்க முடியவில்லை.

உங்களுக்கென்றே ஒரு புத்தகம் சொல்ல வேண்டுமானால், ரூத் ஹாரிசனின் ‘அனிமல் மெஷின்ஸ்’ (1964). கூண்டுக்கோழிப் பண்ணைகளுக்குள் நேரில் போய்ப் பார்த்து எழுதியது. பூச்சிக்கொல்லிகளின் கேட்டைப் பற்றி எழுதிய ரேச்சல் கார்சன் முன்னுரை கொடுத்தார். புத்தகம் கிளப்பிய கொந்தளிப்பில் பிரிட்டன் அரசு விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் குழு போட்டது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட ஒரு பண்ணை விலங்குக்கு முடிய வேண்டும் என்று 1965ல் அந்தக் குழு சொன்னது. ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடைக்காத கோழிக்கு இதில் எத்தனை முடியும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உட்காரக் கம்போ முட்டையிட மறைவிடமோ இல்லாத அந்த வெறும் கூண்டுகளுக்கு 2012ல்தான் தடை வந்தது.

தத்துவவாதி பீட்டர் சிங்கரின் ‘அனிமல் லிபரேஷன்’ (1975) எல்லோரும் சொல்வதுதான். வலி யாருடையதானாலும் வலிதான் என்பது அவருடைய அடிப்படை. பண்ணைகளைப் பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை முதலில் படித்துவிடுங்கள். சிங்கரோடு நிற்காமல் டாம் ரீகனின் ‘தி கேஸ் ஃபார் அனிமல் ரைட்ஸ்’ (1983) வரை போக வேண்டும். கடினமான புத்தகம், மெதுவாகத்தான் நகரும். கூண்டைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமா என்று சித்தப்பா ஒருநாள் கேட்பார். ஆகாது, அந்த உயிருக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது, நம் தேவைக்கான பொருளாக அதை வைத்திருப்பதே தவறு என்று ரீகன் சொல்வார். நான் ரீகன் பக்கம்.

வீட்டுப் பழமொழிக்குப் பதில் திருக்குறளிலேயே இருக்கிறது:

‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.’

தின்பதற்காக உலகம் கொல்லாதிருந்தால், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார். வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு என்பதை இவ்வளவு நேராக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை. வள்ளுவர் பாலைப் பற்றிக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அப்படியே சமணக் காப்பியமான ‘நீலகேசி’க்குப் போங்கள். பிள்ளை பிறந்த நன்றிக்குக் காளிக்கு ஆடு பலியிட வருகிறார்கள். முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் மண்ணால் செய்த உருவத்தை வைக்கச் சொல்கிறார். பலி போன கோபத்தில் காளி பழையனூர் நீலி என்ற பேயை அவர்மேல் ஏவுகிறாள். பயமுறுத்த வந்த நீலி அவரிடமே கொல்லாமை கற்று, ஊர் ஊராக வாதம் செய்யப் புறப்படுகிறாள். அய்யனார் கோயிலில் மண்குதிரை தூக்கிப் போகிற புரவி எடுப்பைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துவிடும். உரையோடு படியுங்கள்.

அம்மாவுக்கு ‘சத்திய சோதனை’. கறவையைக் கொடுமைப்படுத்திக் கறப்பதை அறிந்து காந்தி பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தார். பிறகு கடும் நோயில் படுத்தபோது, ஆட்டுப் பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்க, அதைக் குடித்தார். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றிப் பொருளை விட்டுவிட்டேன் என்று அந்த உறுத்தலை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பாலை விட்ட பிள்ளை இளைத்துவிடுவான் என்ற கவலை அவருக்கு இருக்கும். பி12 வைட்டமின் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன் என்றும் சொல்லுங்கள். உண்மையிலேயே சாப்பிடவும் செய்யுங்கள்.

அன்புடன்,
அக்கா