கோயில் இளைஞர் குழு பிள்ளைங்கள பிளேன்ல ஏத்தக்கூடாதுன்னா வேற என்ன பண்ணலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த் பகுதியில கோயில் இளைஞர் குழு நடத்துறேன் சார். 10 வயசுலேர்ந்து 16 வரைக்கும் பிள்ளைங்க, பிளேன்னா உயிர விடுதுங்க. ஆனா சின்ன பிளேன்ல ஏத்தினா இன்ஷூரன்ஸ் செல்லாதுன்னு கமிட்டி முடியவே முடியாதுன்னுடுச்சு. என்ன பண்றது?

பதில்: கமிட்டி சொல்றது நியாயம்தாம்மா, அவங்களோட மல்லுக்கு நிக்காதீங்க. தடை தரைய விட்டு கிளம்புறதுக்குத்தானே, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பைலட் செய்யிற வேலை எவ்ளோ இருக்கு, அது எல்லாத்தையும் பிள்ளைங்க செய்யலாம்.

டர்பன்லயே இருக்கிற வர்ஜீனியா ஏர்போர்ட்ல உள்ள ஃப்ளையிங் ஸ்கூல் ஒண்ணுல பேசி, நிறுத்தி வச்ச பிளேன் ஒண்ண ஒரு இன்ஸ்ட்ரக்டரோட சுத்திப் பாக்க அனுமதி கேளுங்க. எரிபொருள் டேங்க்லேர்ந்து கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒரு குழாய்ல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாங்க, அந்த ஏவ்கேஸ், அதாவது சின்ன பிளேனுக்குப் போடுற பெட்ரோல், லேசா நீல நிறத்துல இருக்கும், தண்ணி கலந்திருந்தா அடியில தனியா நிக்கும், அந்தத் தண்ணி எஞ்சினுக்குப் போனா நடுவானத்துல எஞ்சின் நின்னுடும்னு இன்ஸ்ட்ரக்டர் சொல்றப்போ பிள்ளைங்க முகத்தப் பாருங்க, பாதுகாப்புன்னா என்னன்னு பாடம் எடுக்கவே தேவையில்ல. ஒரே கண்டிப்பு, எஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது.

கோயில் ஹால்லயே செய்யிறதுக்கும் நிறைய இருக்கு. டர்பனோட பெரிய ஏர்போர்ட் கிங் ஷாகா, அதோட ரன்வேக்கு ஒரு முனையில 06, மறு முனையில 24னு எழுதியிருக்கும். திசைகாட்டியில 60 டிகிரி, 240 டிகிரி, கடைசி சைபர விட்டுட்டாங்க, அவ்ளோதான். இன்னைக்கு காத்து 240லேர்ந்து வீசுதுன்னா எந்தப் பக்கமா டேக்-ஆஃப்னு கேளுங்க, எதிர்காத்துல தான் கிளம்பணும்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க. வானிலை ரிப்போர்ட் நெட்லயே கிடைக்குது, வாரா வாரம் வச்சு செய்யலாம்.

ட்ரோன் சுலபம்னு நினைக்காதீங்க. ஏரோட்ரோம்லேர்ந்து, அதாவது விமானம் ஏறி இறங்குற இடத்துலேர்ந்து, 10 கிலோமீட்டருக்குள்ள விடக்கூடாது, ஆளுங்ககிட்டேர்ந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். பழைய டர்பன் ஏர்போர்ட் இடத்துல விமானப்படை தளம் இருக்கு, அதனால உங்க மைதானம் எவ்ளோ தூரம்னு மேப்ல அளந்துட்டு அப்புறம் வாங்குங்க.

நிஜமாவே பறக்க ஆசைப்படுற பிள்ளைங்களுக்கு, லைசென்ஸ் உள்ள ஸ்கூல்ல இன்ஸ்ட்ரக்டரோட ஒரு அறிமுக பாடம் இருக்கு, அத அப்பா அம்மாவே நேரா புக் பண்ணட்டும். ஆனா குழு போஸ்டர்ல போட்டு, குழு வேன்ல கூட்டிட்டுப் போயிட்டு, இது தனி ஏற்பாடுன்னு கமிட்டிகிட்ட சொல்லாதீங்க, அது ஏமாத்து வேலை, ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும். தெரிஞ்ச பைலட் ஒருத்தர் தலைக்கு இவ்ளோன்னு வாங்கிட்டு ஏத்திட்டுப் போறேன்னாலும் வேண்டாம், பிரைவேட் லைசென்ஸ்ல கூலிக்கு ஆள் ஏத்த முடியாது.

அமெரிக்காவுல ஈஏஏங்கிற விமான ஆர்வலர் சங்கம் 1992லேர்ந்து யங் ஈகிள்ஸ்னு 8லேர்ந்து 17 வயசு பிள்ளைங்கள இலவசமா பறக்க வைக்குது, அங்கயும் பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஒருத்தரையும் ஏத்த மாட்டாங்க. நம்ம நாட்டுல ஸ்டூடண்ட் பைலட் லைசென்ஸுக்கு 16 வயசு, பிரைவேட் லைசென்ஸுக்கு 17 வயசும் குறைஞ்சது 45 மணி நேரப் பறத்தலும் வேணும். உங்க குழுவுல 15, 16ல இருக்கிறவங்களோட பெத்தவங்கள இப்பவே தனியா கூப்பிட்டு இத சொல்லிடுங்க, செலவு ரொம்ப ஜாஸ்தி, அவங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்.