பட்டத்தை விட்டுக்கொடுத்தவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து பற்றிய உங்கள் கட்டுரையில், 1014இல் குளோன்டார்ஃப் போரில் வைக்கிங்குகளை வென்ற பிரையன் போருவைக் கொண்டாடியிருந்தீர்கள். அவருக்கு முன் தலைமை அரசராக இருந்த மாலக்கிக்கு ஒரே வரிதான்: ‘1002இல் சண்டையே போடாமல் பட்டத்தை விட்டுக்கொடுத்தார்.’ அவ்வளவுதானா அவர்? கோழையா?

கே.

அன்புள்ள கே.,

அந்த ஒரு வரி என் சோம்பேறித்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய ஐரிஷ் பெயர் மெய்ல் செக்னல். நம் நாக்குக்கு மாலக்கியே சௌகரியம். மீத் நாட்டு அரசர். தாராவின் பட்டத்தை, அதாவது அயர்லாந்தின் தலைமை அரசர் பட்டத்தை, தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஈ நேல் வம்சத்தவர். 980இல், பிரையன் தெற்கே மன்ஸ்டரில் காலூன்றிக்கொண்டிருந்தபோதே, இவர் தாராவில், டப்ளினை ஆண்ட வைக்கிங்குகளை நொறுக்கிவிட்டார். அப்புறம் டப்ளினையே மூன்று நாள் முற்றுகையிட்டுப் பணியவைத்தார். அங்கே அடிமைகளாகக் கிடந்த ஐரிஷ்காரர்கள் எல்லோரும் சொந்த ஊர் திரும்பலாம் என்று அறிவித்தார். அந்த அடிமைக் காலத்தைப் பாபிலோன் சிறையிருப்பு என்றே ஓர் ஆண்டுக்குறிப்பு எழுதியது. தோற்ற அரசர் ஓலாஃப் குவாரன் அயோனா தீவின் மடத்துக்குப் போய் அங்கேயே இறந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஓலாஃப் மாலக்கியின் தாயை மணந்தவர். அடுத்து டப்ளினை ஆண்டவன் அவள் பெற்ற பிள்ளை, மாலக்கிக்குத் தம்பி முறை. ‘அன்னியரை விரட்டிய’ கதைக்குள் இவ்வளவு குடும்ப விவகாரம்!

சரி, 1002? வடக்கிலிருந்த பங்காளிகள் உதவிக்கு வரவில்லை. தனியாக மோதியிருந்தால் மீத் சாம்பலாகியிருக்கும். பணிந்தார், மீத்தைக் காப்பாற்றிக்கொண்டார். குளோன்டார்ஃபில் பிரையனும் மகனும் பேரனும் மாண்டபின், அறுபதைத் தாண்டிய மாலக்கி மறுபடி தலைமை அரசரானார். மறு வருடமே டப்ளின் கோட்டைக்குத் தீ வைத்தார். 1022இல் எனல் ஏரித் தீவு ஒன்றில் இறந்தபோது வயது 73. கோழை செய்கிற காரியமா இது?

பெயர் மங்கியதற்குக் காரணம் வேறு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரையனின் கொள்ளுப்பேரன் ஆட்சியில், ‘கேல்களுக்கும் அன்னியருக்கும் நடந்த போர்’ என்று ஒரு நூல் எழுதப்பட்டது. கேல்கள் என்றால் ஐரிஷ்காரர்கள், அன்னியர் என்றால் வைக்கிங்குகள். ஏறக்குறைய புத்தக அளவு மெய்க்கீர்த்தி. குளோன்டார்ஃபில் மாலக்கியின் படை ஒதுங்கி நின்றதாகச் சொல்வது அதுதான். அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்போ இருவரும் சேர்ந்தே டப்ளின்மேல் படையெடுத்ததாக எழுதுகிறது. மாலக்கிக்கு அப்படி எழுதவைக்கும் கொள்ளுப்பேரன் வாய்க்கவில்லை. இத்தனைக்கும், பிரையனின் வெற்றியோடு வைக்கிங் ஆட்சி முடிந்துவிடவில்லை; குளோன்டார்ஃபுக்குப் பிறகும் ஓலாஃபின் இன்னொரு மகன் சித்ரிக் டப்ளினை இருபது வருடத்துக்கு மேல் ஆண்டான்.

கட்டுரையில் ‘சண்டையே போடாமல்’ என்பதை எடுத்துவிட்டு, ‘பங்காளிகள் கைவிட்டதால்’ என்று மாற்றிவிட்டேன்.